கோடையும் கொள்ளைநோயும் பொதுப்பந்தியும்



வரலாறு என்றவுடன் நம்மிற் பலருக்கு நினைவில் எழுவன கோட்டைகளும் போர்களும் அரசர்களின் ஆண்டுக் கணக்குமே. வேலூர்ப் பக்கத்துக்காரனாகிய எனக்கு அவ்வாறு எண்ணுவதற்குக் காரணமும் உண்டு. கோட்டை என் கண்முன்னே நிற்கிறது. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் அதனுள்ளே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த கதையை நான் முப்பது ஆண்டுகள் வகுப்பறையிலே சொல்லிக்கொடுத்தவன். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோட்டைக்கு வெளியே கிடப்பது. கடைத்தெருவிலே ஒரு மரப்பெஞ்சு. அதன் எதிரே ஒரு மேசை. மேசைமேல் ஒரு வாழையிலை. அந்தப் பெஞ்சிலே அமர்ந்து உண்ணலாமா, கூடாதா என்பதை அரசாங்க ஆணைகள் முடிவு செய்த மூன்று கோடைகள் நம் வாழ்நாளிலேயே வந்து போயின. 2020, 2021, 2022 ஆகிய அந்த ஆண்டுகளைப் பற்றியே பேசப் போகிறேன். உங்களிற் சிலர் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். வீட்டுக்குள்ளேயே இருந்து பாடம் கேட்ட நினைவு உங்களுக்கு இருக்கும். ஊரிலே என்ன நடந்தது என்பது அவ்வளவாக நினைவிருக்காது.

முதலில் எங்கள் கோடையைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலூருக்கு இரண்டே பருவங்கள், ஒன்று வெயில், மற்றொன்று கடும் வெயில் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நீரில்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைப் பழித்து ஒரு பழைய பேச்சும் உண்டு. இவற்றிலே கோயிலைப் பற்றிய பழி 1981ஆம் ஆண்டோடு தீர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சலகண்டேசுவரர் மீண்டும் கோட்டைக் கோயிலிலே எழுந்தருளினார். ஆற்றைப் பற்றிய பழி தீரவில்லை. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கிறது. சுற்றிலும் கரும்பாறைக் குன்றுகள்; பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவிலே அதை உமிழ்வன. மே மாதத்தில் நூறு டிகிரியைத் தாண்டாத நாளே அரிது. ஆகவே எங்கள் பக்கத்து மக்கள் கோடையிலே வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள். மாலை மங்கியதும் தெருவுக்கு வருவார்கள். நுங்கும் தர்பூசணியும் வெள்ளரிப் பிஞ்சும் நன்னாரிச் சர்பத்தும் பன்னீர்ச் சோடாவும் சாலையோரத்தில் விற்கும். ஆற்காட்டு மக்கன் பேடா வாங்க ஒரு கூட்டம் நிற்கும். இரவு பத்து மணிக்கு மேலேதான் ஊருக்கே உயிர் வரும். வெளியிலே உண்பது எங்களுக்கு ஆடம்பரம் அன்று. வெப்பத்துக்கு மக்கள் கண்ட மாற்று.

இந்த வெளியுணவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1749ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆம்பூர்க் கணவாயருகே நடந்த போரிலே ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் உயிர் துறந்தார். அவர் மகன் முகம்மது அலி ஆங்கிலேயரின் துணையோடு பட்டம் பெற்றுப் பின்னர்ச் சென்னைச் சேப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தார். 1801இல் கருநாடக அரசைக் கும்பினி எடுத்துக்கொண்டது. 1855இல் நவாபு என்ற பட்டமும் போயிற்று. அரண்மனை போனால் அரண்மனைச் சமையற்காரர் எங்கே போவார்? ஊர் ஊராகப் போவார். திருமண வீடுகளிலே தேக்சா ஏற்றுவார். பிறகு ஒரு தாழ்வாரத்திலே கடை போடுவார். ஆம்பூர்ப் பிரியாணி இவ்வாறு பிறந்தது என்பது எங்கள் ஊரிலே வழிவழியாக வரும் செவிவழிச் செய்தி. சீரகச் சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், புதினா, ஆட்டிறைச்சி ஆகியவையே அதன் உறுப்புகள். அரிசியைத் தனியே அரைவேக்காடாக வேகவைத்து வடித்து, இறைச்சிக் குழம்பிலே சேர்த்து, மூடிமேல் தணல் பரப்பிப் புழுங்கவிடுவார்கள். பக்கத்திலே எண்ணெய்க் கத்திரிக்காய் வைப்பார்கள். வேலூர் மாவட்டத்து இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்திரிக்காய் இதற்குப் பெயர் பெற்றது. 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நவாபு கொடுத்தது சமையலை. உண்பவர்களைக் கொடுத்தவை இரயிலும் தோலும் மருத்துவமனையும் ஆகும். தென்னிந்தியாவின் முதல் இரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத்தான் ஓடியது. பின்னர் அந்த இருப்புப்பாதை மேற்கே நீண்டு ஆம்பூரையும் வாணியம்பாடியையும் சென்னைத் துறைமுகத்தோடு கட்டியது. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல்கள் அவ்வழியே இலண்டனுக்குச் சென்றன. பதப்படுத்தாத தோலும் பாதி பதப்படுத்திய தோலும் அயல்நாடு போவதை 1970களில் அரசாங்கம் கட்டுப்படுத்தவே, அதே ஊர்களிலே செருப்பும் காலணியின் மேற்பாகமும் தைக்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஷூ கம்பெனி என்று ஊரார் சொல்லும் அவற்றிலே வேலை செய்வோருள் பெரும்பாலோர் பெண்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் கம்பெனிப் பேருந்துகளிலே வருவார்கள். அவர்கள் கையிலே சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். ஆனால் சம்பள நாள் மாலையிலே வீட்டுக் குழந்தைகளுக்கென்று ஒரு பொட்டலம் குஸ்கா வாங்கிப் போவார்கள். குஸ்கா என்பது இறைச்சி இல்லாத பிரியாணிச் சோறு. ஏழையின் பிரியாணி என்று சொல்லலாம். அந்தப் பொட்டலத்தின் கணக்கைக் கொண்டே ஊரில் வேலை இருக்கிறதா இல்லையா என்று அறியலாம் என ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னதுண்டு.

வேலூர் நகரத்தின் கதை சற்று வேறு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவமனை இன்று இந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகளை ஈர்க்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து மாதக் கணக்கில் தங்குவோர் பலர். அவர்களுக்காக மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளிலே விடுதிகள் நிறைந்தன. வங்காள எழுத்திலே பெயர்ப்பலகை தொங்கும் மீன்சோற்றுக் கடைகள் நிறைந்தன. தமிழ் தெரியாத ஒரு பாட்டி வேலூரிலே கடுகெண்ணெய் மணக்கும் மீன்குழம்பை உண்டு கண்ணீர் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வாழ்க்கை முழுவதும் 2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் மாலை 6 மணிக்கு நின்றது. மாநில அரசு அப்போது 144 தடையுத்தரவைப் பிறப்பித்தது. நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. உணவுச்சாலைகள் அடியோடு மூடப்படவில்லை. உட்கார்ந்து உண்ணக்கூடாது, பொட்டலமாக வாங்கிச் செல்லலாம் என்பது விதி. கடைதோறும் ஒரு பலகை தொங்கியது: 'பார்சல் மட்டும்'. சட்டம் எது என்று கேட்பீர்களாயின், ஒன்று 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக்கு பரவியபோது ஆங்கிலேயர் இயற்றியது. மற்றொன்று 1939ஆம் ஆண்டின் பொதுச்சுகாதாரச் சட்டம். சென்னை மாகாணம் இயற்றியது. பிளேக்குக் காலத்திலே பயணிகளுக்குச் சென்னை மாகாணம் கொடுத்த பிளேக்குப் பாஸ்போர்ட்டையும், 2020இல் ஒரு மாவட்டத்திலிருந்து அடுத்த மாவட்டத்துக்குச் செல்ல வேண்டியிருந்த இ-பாசையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தாத்தாவும் பேரனும் போலிருக்கும்.

அந்த முதற் கோடையின் சில காட்சிகளை மட்டும் சொல்கிறேன். ஏப்ரல் இறுதியிலே, ஆந்திர எல்லையை ஒட்டிய சைனகுண்டாவிலும் பொன்னைப் பக்கத்திலும் நெடுஞ்சாலையின் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். தடுப்புக் கம்பு அன்று, கல்லடுக்கிப் பூசிய சுவர். எதிர்ப்பு எழவே விரைவிலேயே அதை இடித்தும்விட்டார்கள். மே மாதத்திலே வாணியம்பாடியில் நகராட்சி அதிகாரி ஒருவர், விதி மீறப்பட்டது என்று சொல்லித் தள்ளுவண்டிகளைக் கவிழ்த்துப் பழங்களை வீதியிலே கொட்டினார். அதைப் படமெடுத்து நாடே பார்த்தது. அவர் பின்னர் அவ்வணிகர்களிடம் வருத்தம் தெரிவித்து இழப்பீடும் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அன்று கொட்டியவை கோடைக்கெனக் கடன் வாங்கிக் கொள்முதல் செய்த பழங்கள். தள்ளுவண்டிக்காரனுக்கு ஏப்ரலும் மேயும்தான் அறுவடை. இரண்டு மாதம் மூடினால் ஓராண்டு போயிற்று என்று பொருள்.

வேலூர் விடுதிகளிலே ஆயிரக்கணக்கானோர் சிக்கிக்கொண்டனர். சிகிச்சை முடிந்தது, பணம் முடிந்தது, ஊர் திரும்ப இரயில் இல்லை. விடுதி அறைக்குள்ளே அடுப்பு வைத்துச் சமைத்து நாள்களைக் கழித்தார்கள். மே மாதத்திலேதான் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்கும் வங்காளத்துக்கும் சிறப்பு இரயில்கள் புறப்பட்டன. அவர்கள் போன பிறகு மருத்துவமனைச் சந்துகள் எவ்வளவு அகலமானவை என்பது எனக்கு முதன்முறையாகத் தெரிந்தது. மீன்சோற்றுக் கடைகள் பல அந்த ஆண்டு முழுவதும் கதவு திறக்கவில்லை. திறந்து என்ன பயன்? உண்பவர் இல்லை.

அவ்வாண்டு ரமலான் நோன்பு ஏப்ரல் 25ஆம் நாள் தொடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் முதலிய ஊர்களில் நோன்புக் கஞ்சி என்பது வெறும் உணவன்று. பள்ளிவாசலிலே பெரிய தேக்சாவில் காய்ச்சி, அந்திநேரத்தில் வரிசையாக அமர்ந்து எல்லாரும் குடிப்பது. எந்த மதத்தவராயினும் தூக்கோடு வந்து கேட்டால் ஊற்றிக் கொடுப்பது. கஞ்சிக்கென்று மாநில அரசு ஆண்டுதோறும் பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. 2020இல் பள்ளிவாசல்கள் மூடிக்கிடந்தமையால் அந்த அரிசியைத் தொண்டர்கள் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அரிசி வந்தது, கஞ்சி வரவில்லை என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். எத்தனை வீட்டிலே தனித்தனியாகக் காய்ச்சினாலும் அந்தச் சுவை வராதாம். சுவை அரிசியிலா இருந்தது, வரிசையிலா இருந்தது என்று நான் கேட்டேன். அவர் சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை.

இங்கே ஓர் இடைச்செய்தி. ரெஸ்டாரண்டு என்னும் பிரெஞ்சுச் சொல் முதலில் உணவுச்சாலையைக் குறித்ததன்று. தளர்ந்த உடலுக்குத் தெம்பூட்டும் ஒருவகை இறைச்சிச் சாற்றின் பெயர் அது. பதினெட்டாம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்தில் அச்சாற்றை விற்ற கடைகளுக்கே அப்பெயர் வந்து, பின்னர் உலகெங்கும் பரவியது. நோன்புக் கஞ்சியையும் அதையும் ஒருங்கே நினைக்கும்போது எனக்கு ஏனோ மகிழ்ச்சி உண்டாகிறது.

2020 ஜூன் 8ஆம் நாள் கதவு பாதி திறந்தது. பாதி என்பது உவமையன்று, கணக்கு. இருக்கைகளில் 50 விழுக்காட்டில் மட்டுமே ஆள் அமரலாம். மேசைக்கு மேசை இடைவெளி வேண்டும். வாயிலிலே காய்ச்சலைப் பார்க்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியை இயக்கக்கூடாது. வேலூர் வெயிலில் குளிர்சாதனம் இன்றிச் சூடான பிரியாணி! ஊரார் முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தத் தடை காரணமற்றதன்று. 2020 ஜனவரி 24ஆம் நாள் சீனாவின் குவாங்சௌ நகரத்து உணவுச்சாலை ஒன்றிலே சன்னலில்லாத கூடத்தில் மூன்று குடும்பங்கள் அருகருகே மேசையிட்டு உண்டன. ஒருவரிடமிருந்த நோய் அம்மூன்று குடும்பங்களிலும் மொத்தம் 10 பேரிடம் காணப்பட்டது. குளிர்சாதனக் காற்று அம்மூன்று மேசைகளுக்கிடையே சுழன்றதே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். காற்றின் வழியிலே இல்லாத மேசைகளில் இருந்தோர் தப்பினர். இதை அறிந்தபின் எங்கள் கடைத்தெருவின் திறந்த தாழ்வாரமும், கதவற்ற முகப்பும், தலைக்குமேல் கறகறக்கும் பழைய விசிறியும் எனக்கு மதிப்பாகத் தோன்றின. பெரிய கடைகளைவிட ஏழைக் கடைகளே அப்போது காற்றோட்டத்தில் சிறந்திருந்தன.

நான் வழக்கமாகச் செல்லும் சிறு கடை ஒன்று ஆம்பூரில் உண்டு. பெஞ்சுகள் ஆறு. கடைக்காரப் பாய் மஞ்சள் வண்ணத்தை வாங்கி, பெஞ்சிலே ஓரிடம் விட்டு ஓரிடம் பெருக்கல் குறி போட்டுவைத்தார். குறியிட்ட இடத்திலே அமரக்கூடாது. முதல்நாள் போனபோது மூன்று பேர்தாம் இருந்தோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் உண்டோம். முகத்திரையைக் கழற்றி எங்கே வைப்பது என்பதே பெரும் சிக்கலாக இருந்தது. ஒருவர் சட்டைப்பையில் வைத்தார். ஒருவர் காதிலேயே தொங்கவிட்டார். நான் மேசைமேல் வைத்துவிட்டுப் பாயின் பார்வையைக் கண்டு உடனே எடுத்துக்கொண்டேன். அந்தச் சோற்றின் சுவை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பயந்துகொண்டே உண்ட சோறு அது.

"வியாபாரம் எப்படிப் பாய்?" என்று கேட்டேன்.

"கம்பெனி ஓடினா கடை ஓடும் சார். கம்பெனியே பாதிதானே ஓடுது" என்றார்.

அவர் சொன்னதில் பொருளாதாரப் பாடம் முழுவதும் அடங்கியிருந்தது. ஆம்பூர்க் காலணி போவது பெரும்பாலும் ஐரோப்பாவுக்கு. அங்கே கடைகள் மூடின. வாங்குவோர் ஆர்டர்களைத் திரும்பப் பெற்றனர், அல்லது தள்ளிவைத்தனர். இங்கே மே மாதத்திலிருந்தே தொழிற்சாலைகளைத் திறக்க அனுமதி வந்தும் வேலை குறைவு; ஆளும் குறைவு. சம்பள நாளின் குஸ்காப் பொட்டலம் குறைந்தது. மிலான் நகரத்திலே ஒருவர் புதுச் செருப்பு வாங்காவிட்டால் பேரணாம்பட்டிலே ஒரு குழந்தைக்குச் சனிக்கிழமைச் சோறு இல்லை, அவ்வளவுதான். அதே 2020 ஆகஸ்டிலே பிரிட்டன் அரசு, திங்கள் முதல் புதன் வரை உணவுச்சாலையில் அமர்ந்து உண்பவர்களுக்குச் செலவிற் பாதியை, ஆளுக்குப் பத்துப் பவுன் வரையில், தானே கொடுத்தது. அந்த ஆகஸ்டிலே தமிழ்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் முழு ஊரடங்கு. ஒரே நோய், ஒரே மாதம். ஓரிடத்தில் உண்ண வாருங்கள் என்று பணம் கொடுத்தார்கள், மற்றோரிடத்தில் வீட்டைவிட்டு வராதீர்கள் என்றார்கள். எது சரி என்று இப்போதும் அறிஞர்கள் வாதிடுகிறார்கள். பிரிட்டனின் விருந்து நோய்ப் பரவலுக்கு உதவியது என்று கணக்கிட்டவர்களும் உண்டு. என் கருத்து வேண்டுமாயின், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது, கூலியிழந்தவர் கையிலே நேரே காசு கொடுப்பது. அதை எவரும் போதுமான அளவு செய்யவில்லை.

நூறாண்டுக்கு முன் இதே பகுதியைக் கண்ட கொள்ளைநோயொன்று உண்டு. 1918ஆம் ஆண்டின் இன்புளுவென்சாக் காய்ச்சல் இந்தியாவிலே ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. போரினால் விலைகள் ஏறின. செப்டம்பரிலே சென்னை மாகாணத்தின் பல இடங்களில் பசித்த மக்கள் தானியக் கடைகளைச் சூறையாடினர். வேலூரிலே ஐடா ஸ்கடர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதும் அந்த 1918 ஆகஸ்டிலேதான். உடலறுவைப் பாடத்தைப் படிக்க வந்த அப்பெண்கள் இரண்டே மாதத்தில் நாடெங்கும் சாவைக் கண்டார்கள். இவையெல்லாம் ஏடுகளிலே இருக்கின்றன. ஆனால் அந்த இலையுதிர் மாதங்களில் ஆம்பூர்க் கடைத்தெருவிலே சோற்றுக்கடை திறந்திருந்ததா? யார் உண்டார்கள்? அடுத்த கோடையிலே மக்கள் மறுபடி கூடி அமர்ந்தபோது என்ன பேசினார்கள்? ஒரு பலகை இல்லை. ஒரு கணக்குச் சீட்டு இல்லை. பேரரசு இறந்தவர்களை எண்ணிற்று, அதையும் குறைவாக எண்ணிற்று. உண்டவர்களை யாரும் எண்ணவில்லை. இந்த ஏக்கத்தினாலேதான் நான் 2020 செப்டம்பரில் ஒரு காரியம் செய்தேன். ஞாயிறு ஊரடங்கு எடுக்கப்பட்டுக் கடைகள் ஓரளவு நிமிர்ந்த சமயம். பாயிடம் போய், "அந்தப் 'பார்சல் மட்டும்' பலகையை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டேன். பழைய கரும்பலகை, சாக்குக்கட்டியால் எழுதியது, மிளகாய்க் கைபட்ட செந்நிறத் தடம் ஒன்று ஓரத்திலே இருந்தது. அவர் வியப்போடு கொடுத்தார். என் வீட்டுப் புத்தக அலமாரியின்மேல் வைத்துக்கொண்டேன்.

அது ஏழு மாதமே என்னிடம் இருந்தது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தது. ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு. 26 முதல் மறுபடியும் பொட்டலம் மட்டும். மே 10 முதல் முழு ஊரடங்கு. பாய் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "சார், அந்தப் பலகை வேணுமே" என்றார். அந்தக் கோடையைப் பற்றி நான் நீளப் பேசப் போவதில்லை. உயிர்வளி என்னும் சொல்லை அப்போதுதான் ஊர் முழுவதும் கற்றுக்கொண்டது. மருத்துவமனைகளிலே படுக்கை இல்லை. தேக்சாக்கள் பல மீண்டும் எரிந்தன என்றாலும் அவை விற்பனைக்கு அல்ல. இளைஞர் குழுக்கள் சோறு பொங்கி, நோய்ப்பட்ட வீடுகளின் வாசலிலே வைத்துவிட்டுப் போயின. எங்கள் தெருவிலும் வைத்தார்கள். மே 14ஆம் நாள் வந்த பெருநாளிலே தெருவில் ஒலி இல்லை. ஜூலை 5ஆம் நாள் மாநிலம் முழுவதும் ஒரேவகைத் தளர்வு வந்து, மறுபடி பாதி பெஞ்சு திறந்தது. மஞ்சள் குறிகளுக்குப் பாய் மேல்பூச்சுப் பூசினார்.

பலகையை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதுவும் நல்லதாயிற்று. 2022 ஜனவரியிலே மூன்றாம் அலையின்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அது மறுபடி தொங்கியது. அந்த அலை விரைவிலே தணிந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டோர் பலர், ஊரும் பழகிவிட்டிருந்தது. பிப்ரவரியிலே தடைகள் விலகின.

பிறகு வந்தது 2022ஆம் ஆண்டின் கோடை. நான் எவ்வளவோ கோடைகளைக் கண்டவன். அதுபோல் ஒன்றைக் கண்டதில்லை. ஏப்ரலிலே நோன்புக் கஞ்சி மீண்டும் பள்ளிவாசலிலே காய்ந்தது. மே 3ஆம் நாள் பெருநாள். இரண்டு ஆண்டுப் பசியையும் ஒரே நாளில் தீர்ப்பது போலக் கடைத்தெரு நிறைந்தது. சாலையோர உணவுச்சாலைகளில் சென்னை, பெங்களூர் வண்டிகள் வரிசையாக நின்றன. வேலூர்ச் சந்துகளிலே வங்காளப் பேச்சு திரும்பிற்று. பாயின் கடையிலே ஒருவர் எழுமுன்னே அடுத்தவர் பின்னால் நின்றார்.

அந்த மகிழ்ச்சியின் உச்சியிலேதான் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரிலே பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. மே 13, 14, 15 ஆகிய மூன்று நாள்கள். இருபதுக்கு மேற்பட்ட பிரியாணி வகைகள். வணிக மையத்திலே கூடங்கள். 2019 நவம்பரிலே வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்துக்கு, தன் உணவைக் கொண்டாட அது நல்ல வாய்ப்பு. ஆனால் அந்தப் பந்தியிலே மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். உடனே கேள்வி எழுந்தது. ஆம்பூரிலே மாட்டிறைச்சிப் பிரியாணி புதிதன்று. குறைந்த காசில் வயிறு நிறைய உண்ண விரும்பும் தொழிலாளர் பலரின் உணவு அது. தோலின்மேல் நிற்கும் ஊர் இது. தோலைப் பதனிட்டு நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகளின் உணவை மட்டும் விழாவிலே வைக்கமாட்டோம் என்பது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கான மாநில ஆணையம், இதை ஏன் பாகுபாடாகக் கருதக்கூடாது என்று விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. விழா அரங்குக்கு வெளியே மாட்டிறைச்சிப் பிரியாணியை இலவசமாக வழங்குவோம் என்று சிலர் அறிவித்தனர். விழாவுக்கு முன்னாளிலே, பலத்த மழை வரும் என்ற முன்னறிவிப்பைக் காரணமாகச் சொல்லி, விழாவை ஒத்திவைத்தார்கள்.

சட்டம் பயிலும் மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்க. நம் அரசியலமைப்பின் 15ஆம் விதியின் இரண்டாம் பிரிவு, சமயம், சாதி முதலியவற்றைக் காரணமாகக் கொண்டு எவரையும் கடைகளிலும் பொது உணவுச்சாலைகளிலும் நுழையவிடாமல் தடுக்கலாகாது என்கிறது. உணவுச்சாலை என்ற சொல் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. அதை எழுதியவர்கள், தனித் தம்ளர் வைத்திருந்த தேநீர்க் கடைகளையும் சாதிக்கொரு பந்தி வைத்திருந்த ஹோட்டல்களையும் கண்கூடாகக் கண்டவர்கள். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அந்தத் தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. பெஞ்சிலே யார் அமரலாம் என்ற கேள்விக்கு அவ்வாறு விடை எழுதப்பட்டது. 2022இல் ஆம்பூர் எழுப்பியது அதற்கடுத்த கேள்வி: அமர்ந்தவரின் இலையிலே எது இருக்கலாம்? இரண்டாண்டு காலம் யாருமே அமரக்கூடாது என்றிருந்தபோது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியவில்லை. பொட்டலத்துக்குள் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? பந்தி கூடியபோதுதான் தெரிந்தது.

விழாத் தொடங்குவதாக இருந்த மே 13ஆம் நாள் மாலை நான் ஆம்பூருக்குப் போனேன். வானம் மூட்டமாக இருந்தது. அக்கினி நட்சத்திரத்து நடுவிலே அப்படியொரு குளிர்காற்று எங்களுக்கு அபூர்வம். கடைத்தெரு வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. ஆட்டிறைச்சிக் கடையும் மாட்டிறைச்சிக் கடையும் ஒரே தெருவிலே, ஒரே விறகுப் புகையிலே. பாயின் கடையில் கம்பெனிப் பெண்கள் நால்வர் குஸ்காப் பொட்டலத்துக்காகக் காத்திருந்தனர். இடமில்லாமையால் நான் பெஞ்சின் நடுவே, மேல்பூச்சுத் தேய்ந்து மஞ்சள் குறி மறுபடி எட்டிப்பார்க்கும் இடத்திலே நெருக்கி அமர்ந்தேன்.

உண்டு எழுந்தபோது பாய் கல்லாவின் பின்னாலிருந்து அந்தக் கரும்பலகையை எடுத்து, ஈரத்துணியால் துடைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுத்து இருக்கட்டும் பாய்."

"மறுபடி வேணும்னா கேப்பேன் சார்" என்று சொல்லிக் கொடுத்தார்.